பெயரில்லாத ஆர்க்கெஸ்ட்ரா

அட்டையில் பியானோ வாசித்தவர் பெயர் பெரிதாக இருந்தது: டினு லிபாத்தி. உருப்படி, ஷோப்பானின் முதல் பியானோ கான்செர்ட்டோ, இ மைனர். சுவிட்சர்லாந்தில் 1948 மே மாதம் நடந்த கச்சேரி என்று குறிப்பு சொன்னது. கூட வாசித்த ஆர்க்கெஸ்ட்ரா எது, அதை நடத்திய கண்டக்டர் யார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

நம்மூர்க் கச்சேரி நாடாவில் பாடகர் பெயர் மட்டும் இருந்து வயலினும் மிருதங்கமும் யாரென்று போடாமல் விட்டிருந்தால் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். இன்று நாம் கேட்கும் மதுரை மணி ஐயர் பெரும்பாலும் ரசிகர்கள் பதிந்து கைமாற்றிக்கொண்ட நாடாக்களில் இருப்பவர்தான். பக்கவாத்தியம் யாரென்பது வில்லின் முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடும் என்று சொல்லும் மாமாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் சொன்னதைப் பென்சிலால் அட்டையில் எழுதிக்கொள்வோம். மேல்நாட்டுக் கான்செர்ட்டோ அப்படியல்ல. மேடையில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த நிர்வாகம் ஒன்று இருக்கும். அச்சடித்த நிகழ்ச்சி நிரல் இருக்கும், மறுநாள் பத்திரிகையில் விமர்சனம் வந்திருக்கும். இவ்வளவும் எழுதிவைக்கிற ஐரோப்பிய நகரம் ஒன்றில், போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து, லிபாத்தி மாதிரி ஒருவர் வாசித்த கச்சேரியின் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பெயர் தெரியவில்லை என்றால் எங்கோ இடிக்கிறது.

இந்த வழக்கில் 1981-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சென்னையில் ஒரு பெரியவரின் சேகரிப்பு கைமாறி அதிலிருந்து இந்தத் தட்டு என்னிடம் வந்தபோது எனக்கு அது தெரியும். ஆனாலும் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தட்டை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்க்க ஆசை வந்தது. சுமார் பதினைந்து வருஷம் இந்தத் தட்டு லிபாத்தி பெயரில் விற்றது, வானொலியில் ஒலித்தது, நல்ல காது படைத்தவர்கள் கேட்டார்கள். உண்மை அந்த ஒலிக்குள் இருந்ததா? இருந்தும் எப்படித் தப்பியது? பழைய ஒலிப்பதிவுகளை நகலெடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறவனுக்கு, யார் வாசித்தார் என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

முதலில் லிபாத்தி. 1917-ல் புக்காரெஸ்ட்டில் பிறந்தவர். இசையமைப்பாளர் ஜார்ஜ் எனெஸ்கு அவருடைய ஞானத்தந்தை. 1933-ல் வியன்னாவில் நடந்த போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது; அதைக் கண்டித்துப் பியானோ மேதை ஆல்ஃபிரட் கார்த்தோ நடுவர் குழுவிலிருந்து விலகினார், பிறகு பாரிஸில் தன்னிடமே சேர்த்துக்கொண்டார். இ.எம்.ஐ.யின் தயாரிப்பாளர் வால்டர் லெக் போருக்குப் பின் அவரைக் கண்டெடுத்து ஒலிப்பதிவுக்கு அழைத்து வந்தார். அதற்குள் ஹாஜ்கின் நோய் பற்றிக்கொண்டுவிட்டது. 1950 டிசம்பர் 2 அன்று ஜெனீவாவில் காலமானபோது வயது 33. பீத்தோவனின் ‘எம்பரர்’ கான்செர்ட்டோ வேண்டும் என்று கேட்டதற்கு, அதைத் தயார் செய்ய நாலு வருஷம் வேண்டும், சாய்கோவ்ஸ்கிக்கு மூன்று வருஷம் வேண்டும் என்று சொன்னாராம். அவசரமே தெரியாத மனிதருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை ஏழு சிடி கொண்ட ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

ஸ்டுடியோவில் அவர் பதிந்த கான்செர்ட்டோக்கள் இரண்டே இரண்டு. 1947 செப்டம்பரில் கிரீக், கண்டக்டர் ஆல்சியோ கல்லியேரா. 1948 ஏப்ரலில் ஷூமன், கண்டக்டர் கராயான். இரண்டும் லண்டனில், ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவுடன். ஷோப்பானின் வால்ட்ஸ்களை அவரைப்போல வாசித்தவர் இல்லை என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவர் வாசித்த ஷோப்பான் கான்செர்ட்டோ ஒன்றுகூட இல்லை என்பது ரசிகர்களுக்கு ஆறாத குறை. அந்தக் குறை இருந்த இடத்துக்கே ஒரு நாடா வந்து சேர்ந்தது. 1960-களின் நடுவில் இ.எம்.ஐ. அதைத் தட்டாக வெளியிட்டது.

தட்டைக் கழுவிக் காயவைத்து முள்ளை இறக்கினேன். ஒலி சுமார்தான். உச்சஸ்தாயி மழுங்கி, ஆர்க்கெஸ்ட்ரா எங்கோ பின்கட்டிலிருந்து கேட்டது. பியானோ மட்டும் ஓரளவு முன்னால் நின்றது. பழைய கச்சேரிப் பதிவு இப்படித்தானே இருக்கும் என்று காது உடனே சமாதானம் சொல்லிக்கொண்டது. பதினைந்து வருஷம் எல்லாருடைய காதும் சொன்ன சமாதானம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒலி மோசமாக இருந்ததாலேயே அது உண்மையாகத் தோன்றியிருக்கிறது. இறந்துபோன மேதை, யாரோ ஒரு ரசிகர் ஒளித்து வைத்திருந்த நாடா, கரகரப்பு. மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுகிறவனைத்தான் இரக்கமற்றவன் என்பார்கள்.

சமாதானத்தை ஒதுக்கிவிட்டு, அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஆரம்பித்தேன்.

1948-ல் ஒரு கச்சேரியைத் தனி ஆள் எப்படிப் பதிந்திருப்பார்? காந்த நாடா அப்போது ஜெர்மனிக்கு வெளியே மெல்லப் பரவத் தொடங்கியிருந்த சமாச்சாரம். வீட்டில் வைத்திருக்கும் சாமான் அல்ல. அரக்குப் பூச்சுப் பூசிய அலுமினியத் தட்டில் நேரடியாக வெட்டுவதுதான் வழக்கம். அது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிஷம் பிடிக்கும். இந்தக் கான்செர்ட்டோ ஏறக்குறைய நாற்பது நிமிஷம். முதல் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா முழுதாக வாசித்தால் பியானோ நுழைவதற்கே நாலு நிமிஷம் ஆகும். அதாவது லிபாத்தி கை வைக்கும் முன்பே முதல் பக்கம் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும். வெட்டும் இயந்திரம் ஒன்றுதான் இருந்தால் தட்டை மாற்றுகிற நேரத்தில் சில அடிகள் காற்றோடு போய்விடும். இரண்டு இயந்திரங்கள் இருந்தால் ஒன்றின் கடைசியும் மற்றதன் தொடக்கமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். பின்னால் ஒட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒட்டிய இடத்தில் இரைச்சலின் நிறம் மாறும். தட்டின் வெளி விளிம்பில் ஒலி தெளிவாக இருக்கும், உள்ளே போகப்போக மங்கும். ஆகவே நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒலி திடீரென்று தெளிந்து, மறுபடி மங்கி, மறுபடி தெளிய வேண்டும்.

அப்படி ஒன்றும் இல்லை. நான் கேட்ட தட்டில் மழுங்கல் ஒரே சீராக இருந்தது. தொடக்கத்தில் எவ்வளவோ அவ்வளவே நடுவிலும்.

வானொலி நிலையங்களிடம் பெரிய தட்டுகள் இருந்தனவே, கால் மணி நேரம் பிடிக்குமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வானொலி நிலையம் பதிந்திருந்தால் ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர் ஏட்டில் ஏறியிருக்கும். அதே 1948 மே மாதக் கடைசியில் லிபாத்தி பாடன்-பாடனில் பார்ட்டோக்கின் மூன்றாம் கான்செர்ட்டோவை வாசித்தார். வானொலிப் பதிவு. கண்டக்டர் பால் சாக்கர், ஆர்க்கெஸ்ட்ரா தென்மேற்கு ஜெர்மன் வானொலியுடையது, தேதி மே 30. எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒரே மாதத்தில் வாசித்த இரண்டு கான்செர்ட்டோக்களில் ஒன்றுக்கு இவ்வளவு தகவலும், மற்றதற்குப் பெயரில்லாத எழுபது பேருமா?

அடுத்து சபை. கச்சேரி என்றால் ஜனம் இருக்கும், ஜனம் இருந்தால் இருமல் இருக்கும். மெதுவான நடுப்பகுதிக்கு முன்னும் பின்னும் ஐரோப்பிய ரசிகர்கள் அடக்கி வைத்த இருமலையெல்லாம் இருமித் தீர்ப்பார்கள். நாம் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து காபி குடிக்கப் போவதைப்போல அதுவும் ஒரு சம்பிரதாயம். இந்தத் தட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தேடியும் ஒரு செருமல்கூட எனக்கு அகப்படவில்லை.

சுருதியையும் பார்த்தேன். நம் சங்கீதத்தில் பழைய தட்டின் வேகத்தைச் சுருதியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பாடகர் நாலரைக் கட்டையில் பாடினாரா, ஐந்தில் பாடினாரா என்பது அவர் சௌகரியம். அவரைத் தவிர சாட்சி இல்லை. வேகம் ஆறு சதவீதம் கூடினால் அரைக் கட்டை ஏறிவிடும், கேட்கிறவர் ‘அந்தக் காலத்துச் சாரீரம்’ என்று பூரித்துப்போவார். மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்ப்பது ஏறக்குறைய ஒரே இடத்தில். ‘ஏ’ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு, சில ஊர்களில் கொஞ்சம் கூட. எனவே இ மைனரில் எழுதியது இ மைனரிலேயே கேட்க வேண்டும். நாடா ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் அது எஃப் மைனர், ஷோப்பானின் இரண்டாவது கான்செர்ட்டோவின் சுருதி, ஆகிவிடும். அதோடு மின்சாரத்தின் ரீங்காரம் வேறு இருக்கிறது. ஐரோப்பாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பழைய கருவிகளில் அந்த ரீங்காரம் ஒலிப்பதிவுக்குள் மெல்லியதாகப் புகுந்துவிடும். அது 51-ல் நின்றால் நாடா இரண்டு சதவீதம் வேகம் என்று அர்த்தம். இரண்டு வெவ்வேறு ரீங்காரங்கள் இருந்தால் அது நகலின் நகல்.

இன்னொரு தடயமும் உண்டு. தட்டு லேசாகக் கோணியிருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘உஷ்’ வரும். 78 வேகத் தட்டென்றால் அது முக்கால் நொடிக்கு ஒருமுறை. 33⅓ வேக நெடுந்தட்டென்றால் சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை. 1948 கச்சேரி என்று சொல்லிக்கொள்ளும் நாடாவில் 1.8 நொடி ‘உஷ்’ கேட்டால், அதை யாரோ கடையில் விற்ற நெடுந்தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்காவில்கூட நெடுந்தட்டு விற்பனைக்கு வந்ததே அந்த 1948-ன் ஜூன் மாதத்தில்தான்.

அந்த ‘உஷ்’ஷையும் ரீங்காரத்தையும்தான் நான் மிகவும் எதிர்பார்த்தேன். இரண்டும் கிடைக்கவில்லை. கீழ்ஸ்தாயி முழுக்க வெட்டப்பட்டிருந்தது. மேலேயும் வெட்டு. கேட்பவர் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று செய்த சுத்தம், கைரேகை பதிந்த கண்ணாடிகளையெல்லாம் துடைத்து வைத்துவிட்டது. என் தொழிலில் இது அன்றாடம் நடப்பதுதான். ஒலியைச் சுத்தப்படுத்தித் தாருங்கள் என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் தயங்குவதற்குக் காரணமும் இதுதான். இரைச்சல் என்று நாம் ஒதுக்குவதில்தான் அந்தப் பதிவு எங்கே, எப்போது, எந்தக் கருவியில் பிறந்தது என்ற தகவல் இருக்கிறது. சங்கீதத்துக்குள் அது இல்லை.

இனி 1981. பிபிசி இந்தத் தட்டை ஒலிபரப்பியது. கேட்டுக்கொண்டிருந்த ரசிகர் ஒருவருக்கு இந்த வாசிப்பு எங்கேயோ பழக்கமானதாகப் பட்டது. செக்கோஸ்லோவாகியாவின் சுப்ராஃபோன் நிறுவனம் 1950-களில் வெளியிட்டிருந்த ஒரு தட்டைப்போல இருக்கிறது என்று எழுதினார். அதில் பியானோ, ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா. ஆர்க்கெஸ்ட்ரா, செக் ஃபில்ஹார்மோனிக். கண்டக்டர், வாட்ஸ்லாவ் ஸ்மெட்டாச்செக். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஒரே வாசிப்பு. பெயரில்லாமல் இருந்த எழுபது பேருக்கும் அன்றுதான் பெயர் கிடைத்தது.

அந்த ரசிகரின் காதை நினைத்து எனக்கு இன்றும் வியப்புதான். லிபாத்தி தட்டை வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்திருப்பார்கள். இரண்டு தட்டையும் கேட்டு, ஒன்றின் ஞாபகத்தில் மற்றதை அடையாளம் காண ஒருவர்தான் வேண்டியிருந்தது. மேதையின் தட்டு இருக்கும் வீட்டில் மலிவு விலைச் செக் தட்டுக்கு வேலை இல்லை என்று பெரும்பாலோர் நினைத்திருக்கலாம்.

எனக்கும் அந்த சுப்ராஃபோன் பதிவு வேண்டியிருந்தது. பழைய தட்டு வியாபாரிகளிடம் கேட்டுவைத்து, கடைசியில் ஒரு பிரதி வந்தது. இரண்டையும் கணினியில் ஏற்றினேன். நாடாவும் தட்டும் ஓடும் வேகத்தில் சிறு வித்தியாசம் எப்போதும் இருக்குமாதலால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் அப்படியே பொருந்தாது. அதனால் வேறு வழி. நடுப்பகுதியான ‘ரொமான்ஸ்’ஸில் பியானோ நுழைகிற இடத்திலிருந்து ஒவ்வொரு அடி விழும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ‘சோனிக் விஷுவலைசர்’ என்ற மென்பொருள் இதற்கு வசதி. ஷோப்பான் வாசிக்கிறவர் தாளத்தை இழுப்பார், விடுவார், ஒரு ஸ்வரத்தில் ஒரு கணம் உட்கார்ந்து அடுத்ததை ஓடிப் பிடிப்பார். ஒருவரே மறுநாள் வாசித்தாலும் அந்த இழுப்பும் விடுப்பும் அதே அளவில் வராது. என் திரையில் இரண்டு கோடுகள் ஏறி இறங்கின. ஒரு கோடு கொஞ்சம் நீளம், மற்றது கொஞ்சம் குட்டை, வேக வித்தியாசத்தால். வேகத்தைச் சரிசெய்ததும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகிவிட்டது. தெரிந்த முடிவுதான். இருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது உடம்பில் ஓர் அதிர்வு வரத்தான் செய்கிறது.

அதைவிட அதிர்ச்சி, சுப்ராஃபோன் தட்டின் ஒலி. பியானோவின் உச்சஸ்தாயி மணியாகக் கேட்டது. மரக் குழல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. நடுப்பகுதியில் பஸ்ஸூன் பியானோவோடு பேசுவது, போலித் தட்டில் வெறும் முணுமுணுப்பு, இங்கே முழு உரையாடல். ஸ்டுடியோவில் நிதானமாகப் பதிந்த பதிவு. இருமல் இல்லாததற்கும் காரணம் புரிந்தது.

செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவுக்கு நேர்ந்த அநியாயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. லிபாத்தி புராணத்தில் அவர் ஓர் அடிக்குறிப்பு. 1922-ல் கிராக்கோவில் பிறந்தவர். 1949-ல் வார்சாவில் நடந்த ஷோப்பான் போட்டியில் சோவியத் யூனியனின் பெல்லா டேவிடோவிச்சுடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சிறுவயதில் பாரிஸில் அதே கார்த்தோவிடம் கொஞ்ச காலம் கற்றவர். இரண்டு வாசிப்புக்கும் குடும்பச் சாயல் தெரிந்ததென்றால் அதில் ஆச்சரியமில்லை. தன் பெயரில் வந்த தட்டைவிட, தன் பெயர் இல்லாத நகல்தான் பேசப்பட்டது. அதே வாசிப்பு, ஒலி கெட்டுப்போய், இன்னொருவர் பெயரில், இறவாப் புகழ் பெற்றது. வாசிப்பில் குறை இருந்தால் லிபாத்தி ரசிகர்கள் விட்டுவைத்திருப்பார்களா? செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவின் பெயரில் அதைக் கேட்டிருந்தால் அந்த அளவுக்குக் காது கொடுத்திருப்பார்களா என்பதுதான் கேள்வி. கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

இதே கதை தலைகீழாக 2007-ல் நடந்தது. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர். நோயால் மேடையைவிட்டு விலகிவிட்டார் என்று சொல்லப்பட்டவர். கடைசிக் காலத்தில் அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிடிக்கள் வந்து குவிந்தன. கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப்பின் சிறு நிறுவனம் வெளியிட்டது. ஒலி துல்லியம். விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2006-ல் அவர் காலமானார். சில மாதம் கழித்து நியூயார்க்கில் ஒரு ரசிகர், லிஸ்ட்டின் கடினமான எட்யூட்கள் அடங்கிய ஹாட்டோ சிடியைக் கணினியில் போட்டார். ஐட்யூன்ஸ் திரையில் வேறு பெயர் விழுந்தது: லாஸ்லோ சிமோன், ஸ்வீடனின் பிஸ் நிறுவனத்துப் பதிவு.

கணினிக்குச் சங்கீத ஞானம் வந்துவிடவில்லை. சிடியில் ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்பது நொடியில் 75-ல் ஒரு பங்குத் துல்லியத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களின் வரிசையை வைத்துத்தான் தரவுக்கிடங்கில் பெயரைத் தேடுகிறது. இத்தனை பாட்டின் நீளம் தற்செயலாக இவ்வளவு நெருங்கிப் பொருந்தாது. ‘கிராமஃபோன்’ இதழ், பழைய ஒலிப்பதிவுகளைப் புதுப்பிக்கும் ஆண்ட்ரூ ரோஸிடம் சோதிக்கக் கொடுத்தது. அலை வடிவங்கள் பொருந்தின. பத்துப் பாட்டு சிமோனுடையவை, மற்றவை வேறு ஆட்களுடையவை. கோடோவ்ஸ்கி பதிவு ஒன்று கார்லோ கிராந்தேயுடையது. அடையாளம் தெரியாமல் இருக்க அதை 15.112 சதவீதம் நீட்டியிருந்தார்கள். ஷோப்பான் மசூர்க்காக்களின் தாளத்தை அளந்துகொண்டிருந்த நிக்கலஸ் குக், கிரெய்க் சாப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹாட்டோவும் யூஜின் இன்ஜிக்கும் ஒரே கோடாக வருவதைத் தனியே கண்டிருந்தார்கள். கான்செர்ட்டோக்களை நடத்தியதாக அட்டையில் போட்டிருந்த ரெனே கோஹ்லர் என்ற கண்டக்டர் உலகத்திலேயே இல்லை. பிஸ் நிறுவனத்தின் ராபர்ட் ஃபான் பாருக்குக் கடிதம் எழுதிக் கணவர் ஒப்புக்கொண்டார்.

இங்கே கண்டக்டரே கற்பனை, அங்கே கண்டக்டருக்குப் பெயரே இல்லை. ஆனால் கேட்டவர்கள் ஏமாந்த வழி ஒன்றுதான். நோயாளியின் கதைக்கு இரங்கினார்கள். தொழில்நுட்பத்தில் ஹாட்டோ மோசடி எளிதில் மாட்டிக்கொள்ளக்கூடியது, ஏனென்றால் எண்மப் பதிவில் எல்லாத் தடயமும் அப்படியே இருக்கும். லிபாத்தி தட்டில் அவை துடைக்கப்பட்டிருந்தன. அதனால்தான் கருவியால் முடியாததைக் காது செய்ய வேண்டியிருந்தது.

உண்மையான லிபாத்தி பிறகு கிடைத்தார். 1950 பிப்ரவரி 7 அன்று ஜூரிச்சின் டோன்ஹாலே அரங்கில், அந்த அரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவோடு, ஓட்டோ ஆக்கர்மன் நடத்த, அதே இ மைனர் கான்செர்ட்டோவை வாசித்திருக்கிறார். அதன் தனியார் பதிவு ஒன்று, போலி வெளிப்பட்ட பிறகு வெளிவந்தது. தேதி, அரங்கு, ஆர்க்கெஸ்ட்ரா, கண்டக்டர், எல்லாம் உண்டு. கச்சேரி முடிந்தபின் தனியாக வாசித்த ஷோப்பான் எட்யூட்கள் இரண்டும் நாக்டர்ன் ஒன்றும்கூட உண்டு. ஒலிதான் படுமோசம். போலித் தட்டை மோசம் என்று சொன்ன என் வாயை இதற்கு என்ன சொல்ல வைப்பது? உச்சத்தில் பியானோ உடைகிறது, ஆர்க்கெஸ்ட்ரா கூட்டமாக எழும்போது ஒரே புகைச்சல், கரகரப்புக்குக் குறைவே இல்லை. நான் மேலே தேடிய அத்தனை அவலட்சணங்களும் இதில் தாராளமாக இருக்கின்றன.

ஆனால் ‘ரொமான்ஸ்’ஸை எடுத்து முன்பு செய்ததுபோல் அடி அடியாகக் குறித்துப் பாருங்கள். செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா ஒரு சொற்றொடரின் உச்சியில் தங்கி, அங்கிருந்து சாய்ந்து இறங்குகிறவர். லிபாத்தி தங்குவதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். இடக்கை கணக்காக நடந்துகொண்டிருக்கும், வலக்கை அதன்மேல் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்துகொள்ளும். இழுப்பு எங்கே தொடங்கியது என்று பிடிப்பதற்குள் அது முடிந்திருக்கும். இதையே 1950 ஜூலையில் ஜெனீவா வானொலி ஸ்டுடியோவில் அவர் பதிந்த வால்ட்ஸ்களில் கேட்கலாம். செப்டம்பர் 16 அன்று பெசான்சானில் கடைசிக் கச்சேரியில், பதினாலு வால்ட்ஸில் பதின்மூன்றை முடித்து, பதினாலாவதற்குத் தெம்பில்லாமல் பாஹுக்கு மாறிய பதிவிலும் கேட்கலாம். மூன்றிலும் இரைச்சல் வேறு வேறு, கை ஒன்று. இந்த மூன்றையும் தெரிந்த காதுக்கு 1966 வாக்கிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்பது எளிது. ஆனால் ஜூரிச் பதிவு அப்போது கையில் இல்லை; கான்செர்ட்டோவில் அவர் ஷோப்பானை எப்படி அணுகுவார் என்பதற்கு ஒப்பிட ஒன்றும் இல்லாத இடத்தில்தான் போலி வந்து உட்கார்ந்தது.

என் அறைக்கு ஒலிப்பொறியாளர் பையன் ஒருவர் வந்துபோவார். சினிமாவுக்கு வேலை செய்கிறவர், கெட்டிக்காரர். ஜூரிச் பதிவைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

“இவ்ளோ கரகரப்போட எப்படி சார் கேக்கறீங்க? அரை மணி நேரம் குடுங்க, பளிச்னு ஆக்கித் தர்றேன்.”

“செய்யுங்க. ஆனா நகல்ல மட்டும்,” என்றேன்.

புதிதாக வந்திருக்கும் மென்பொருட்கள் இதைச் சுலபமாகச் செய்கின்றன. கரகரப்பைப் பொறுக்கி எடுத்தார். ரீங்காரத்தை ஒரே வெட்டில் போக்கினார். உடைந்த உச்சங்களை நிரவினார். ஸ்வரங்களுக்கு நடுவே இருந்த அரங்கத்தின் மூச்சையும் இரைச்சல் என்று கணக்கிட்டு மென்பொருள் தானாகவே துடைத்துவிட்டது. பிறகு ‘ரொமான்ஸ்’ஸை ஓடவிட்டோம். சுத்தமாகத்தான் இருந்தது. பியானோ ஸ்வரங்கள் பஞ்சில் சுற்றி வைத்ததுபோல ஒவ்வொன்றாக வந்தன. வலக்கை பிந்தி வருவது தெரிந்தது, ஆனால் அந்தப் பிந்தலுக்கு முன்னால் விரல் சாவியைத் தொடும் உரசல் போய்விட்டிருந்தது. இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுப் பையனே நிறுத்தினார்.

“இப்போ யார் வாசிச்சாலும் இப்படித்தான் சார் இருக்கும்போல.”

இரண்டு கோப்புகளையும் வைத்திருக்கிறேன். அவர் செய்ததன் பெயரில் ‘சுத்தம் செய்தது’ என்று சேர்த்து, தேதியும், என்னென்ன எடுத்தார் என்ற பட்டியலும் கூடவே போட்டாயிற்று. போலித் தட்டையும் செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவின் பெயரில், சுப்ராஃபோன் தட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டேன்.